இரண்டு வாரம் லீவு, கொஞ்சம் பணம்: உலக அறுவை சிகிச்சைப் பணியில் எந்த வழியாக இறங்குவது?

மயக்க மருந்து நிபுணர்களும் சர்ஜன்களும் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வருடத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்க முடியும், கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. வசதி குறைந்த நாடுகளில் ஏதாவது செய்ய ஆசை. அறுவை சிகிச்சை முகாமுக்குப் போவதா, மெஷின் வாங்கி அனுப்புவதா, பாடம் எடுப்பதா, பேசாமல் பணத்தையே கொடுத்துவிடுவதா?" மருத்துவ மாணவர்கள் இதோடு ஆய்வையும் சேர்த்துக் கேட்பார்கள். கேட்கிற எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசோடு போய், பிறர் தலையில் சுமையை இறக்கி வைத்துவிட்டு வருவதும் இந்தத் துறையில் நடக்கிறது. நானே செய்திருக்கிறேன். அதனால் ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

## தேவை எங்கே இருக்கிறது

2015-இல் லான்செட் மருத்துவ இதழின் உலக அறுவை சிகிச்சை ஆணையம் ஒரு கணக்குப் போட்டுச் சொன்னது. தேவைப்படும் நேரத்தில் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் உலகில் 500 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 31.3 கோடி அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன; மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வாழும் மிக ஏழ்மையான நாடுகளுக்கு அதில் போய்ச் சேர்வது 6 சதவீதம். உயிரையும் உடலையும் காக்க ஆண்டுக்கு இன்னும் 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் வேண்டும். ஒரு மருத்துவமனை உருப்படியாக இயங்குகிறதா என்று பார்க்க அந்த ஆணையம் மூன்று ஆபரேஷன்களைச் சொன்னது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை. மூன்றும் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுபவை. எந்த முகாமின் தேதிக்காகவும் இவை காத்திருக்காது.

ஆபரேஷன் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சர்ஜன். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிற ஆளை யாரும் நினைப்பதில்லை. உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு 2015–16-இல் எடுத்த கணக்கெடுப்பில், லட்சம் பேருக்கு 5 மயக்கவியல் மருத்துவர்கள்கூட இல்லாத நாடுகள் 77 என்று தெரிந்தது. அந்த 5 என்ற எண்ணை எட்டவே மேலும் 1,36,000 பேர் வேண்டும். வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் சிசேரியனுக்குப் பிறகு இறந்த தாய்மாரில் ஏறத்தாழ ஏழில் ஒருவரின் மரணத்துக்குக் காரணம் மயக்க மருந்து தொடர்பானது என்று 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

இன்னொரு ஆய்வையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க அது கூடவே வரும். 25 ஆப்பிரிக்க நாடுகளின் 247 மருத்துவமனைகளில் ஆப்பிரிக்க மருத்துவர்களே நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. அங்கே ஆபரேஷனுக்கு வந்தவர்கள் வயதில் இளையவர்கள், பெரிய நோய்கள் இல்லாதவர்கள். அப்படியிருந்தும் உலகச் சராசரியைப் போல இரண்டு மடங்கு பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 95 சதவீதம் ஆபரேஷன் முடிந்த பிறகு நேர்ந்தவை. தியேட்டரில் பிழைத்தவர்கள் வார்டில் போய்விட்டார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து. அழைத்தது யார், அதாவது அந்த மருத்துவமனை கேட்டதா, நமக்கே தோன்றியதா? நீங்கள் கிளம்பிய பிறகு வரும் இரவில் நோயாளியைப் பார்ப்பது யார்? ஒரு வருடம் கழித்து அங்கே என்ன மிஞ்சும்? கணக்கில் வராத செலவை யார் சுமக்கிறார்கள்? கடைசியாக, உங்கள் நாட்டில் தனியாகச் செய்ய உங்களுக்கு உரிமம் உள்ள வேலையைத்தான் அங்கேயும் செய்யப் போகிறீர்களா?

இவற்றில் இரண்டாவதைத்தான் நான் முதலில் கேட்பேன். அதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற நான்கும் சரியாக இருந்தும் பயனில்லை.

## வழி 1: குறுகிய கால அறுவை சிகிச்சை முகாம்

சில வருடங்களுக்கு முன், கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பிளவு உதடு, அண்ணப் பிளவு (வாயின் மேல்தளம் பிளந்திருப்பது) ஆகியவற்றுக்கான முகாம் ஒன்றில் நான் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள். பட்டியலில் இரண்டு குழந்தைகள் மிச்சம். இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அண்ணப் பிளவுக் குழந்தையை மேசையில் ஏற்றினோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. குழந்தை அழுதது, தாய் சிரித்தார், நாங்கள் இரவோடு இரவாகத் தலைநகருக்கு வண்டி ஏறிவிட்டோம்.

பதினொரு மணிவாக்கில் குழந்தையின் வாயிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கிறது. இரவுப் பணியில் இருந்தவர் மயக்க மருந்துப் பயிற்சி பெற்ற ஒரே ஒரு நர்ஸ். அவர் கையில் அப்போது ஒரு சிசேரியன். என்ன செய்திருக்கிறார் தெரியுமா? குழந்தையின் தள்ளுவண்டியையே சிசேரியன் நடக்கும் தியேட்டருக்குள் கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால் கட்டைவிரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியிருக்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தக் கருவியின் 'பிப்' சத்தம் தணிந்த சுருதிக்கு இறங்கும். கண் தாயின் மீது, காது குழந்தையின் மீது. ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சி எடுக்க இருந்தது ஒரே சக்ஷன் மெஷின்; அதை இருவருக்கும் மாற்றி மாற்றி வைத்துக் காலை வரை ஓட்டியிருக்கிறார். இருவரும் பிழைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர் எழுதிய கடிதத்தில்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. அதில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை, ஒரே ஒரு வேண்டுகோள்: "அடுத்த முறை அண்ணப் பிளவுகளைத் திங்கள், செவ்வாயில் முடித்துவிடுங்கள், டாக்டர்."

அந்த முகாமின் அறிக்கையில் எத்தனை குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடந்தது என்று இருந்தது. அந்த நர்ஸின் இரவு அதில் இல்லை.

முகாமின் கண்ணில் படாத செலவுகள் இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு வாரத்துக்கு மருத்துவமனை தன் சொந்தப் பட்டியலைத் தள்ளி வைக்கிறது. அங்குள்ள ஆக்சிஜனும் ரத்தமும் நூலும் செலவாகின்றன. வெளிநாட்டு டாக்டர் இலவசமாகச் செய்வார் என்று நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்க, உள்ளூர் சர்ஜனின் பெயரும் பிழைப்பும் அடிபடுகின்றன. இலவசம் என்பதும் பாதி உண்மைதான். அறுவை சிகிச்சைக் கட்டணத்தால் ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் பெரும் கடன்சுமையில் விழுகிறார்கள் என்றால், பயணம், தங்கல், சாப்பாடு போன்ற வெளிச்செலவுகளால் விழுபவர்கள் இன்னும் 4.8 கோடிப் பேர் என்பது அதே லான்செட் ஆணையத்தின் கணக்கு. கூலியை விட்டுவிட்டு உடன் வரும் அப்பாவுக்கு எந்த ஆபரேஷனும் இலவசம் இல்லை.

மயக்க மருந்துக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் பழகிய மெஷின் அங்கே இருக்காது. ஹாலோதேன் என்ற பழைய மயக்க மருந்தையே கையால் தொட்டிராத தலைமுறை ஒன்று வந்துவிட்டது. வசதி குறைந்த பல இடங்களில் நெடுங்காலம் அதுதான் கிடைத்தது; இன்னும் சில இடங்களில் அதைச் சந்திக்க நேரலாம். ஹாலோதேனில் இருக்கும் குழந்தைக்கு, ரத்தம் குறையட்டும் என்று சர்ஜன் அட்ரினலின் ஊசியைத் தாராளமாகப் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உள்ளூர் நர்ஸுக்கு இது கைப்பழக்கம், வந்திறங்கிய நிபுணருக்குப் பாடப்புத்தக வரி. முதல் இரண்டு நாள் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள உங்களுக்கு மனசு இருக்க வேண்டும்.

அப்படியென்றால் முகாமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஹெர்னியா, கண்புரை, பிளவு உதடு போல, திட்டமிட்டுச் செய்யக்கூடிய, பின்கவனிப்பு எளிதான ஆபரேஷன்களுக்கு, மருத்துவமனையே அழைத்து, உள்ளூர் சர்ஜன் கத்தியைப் பிடிக்க நீங்கள் எதிர்ப்பக்கம் நிற்கிற முகாம் நல்ல முகாம். குழுவில் இருவராவது ஒரு வாரம் கூடுதலாகத் தங்கிக் கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிற்கும் மெர்சி ஷிப்ஸ் போன்ற மருத்துவமனைக் கப்பல்களில் இந்தப் பின்கவனிப்புக்கு வழி இருக்கிறது.

பேரிடர் வேறு விஷயம். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தகுதி பார்க்காமல் குவிந்த வெளிநாட்டுக் குழுக்களின் வேலை கடுமையான கேள்விகளுக்கு உள்ளானது. அதன் பிறகு 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களுக்கான தரவரிசையையும் குறைந்தபட்சத் தகுதிகளையும் வகுத்தது. போவதானால் அப்படித் தகுதி பெற்ற குழுவோடு போங்கள். தனி ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

## வழி 2: ஒரே இடத்தோடு பல வருடக் கற்பித்தல் உறவு

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ருவாண்டாவில் மயக்கவியல் பட்டமேற்படிப்பு வேரூன்ற 2006 முதல் கனடாவின் மயக்கவியல் மருத்துவர்கள் மாறி மாறிச் சென்று, வருடத்துக்கு வருடம் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார்கள். அவசரச் சிசேரியனைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுத்தரும் 'சேஃப்' பயிற்சி 2011-இல் உகாண்டாவில் தொடங்கியது. சில நாள்தான் நடக்கும், ஆனால் உள்ளூர் ஆட்களையே பயிற்றுநர்களாக்கி, அடுத்தடுத்த வகுப்புகளை அவர்களே நடத்தும்படி அதை அமைத்தார்கள். கற்றவர்கள் வெளிநாட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்பது பலரும் சொல்லும் சாக்கு. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகளில் பயிற்சி பெற்ற சர்ஜன்களைத் தேடிக் கணக்கெடுத்தபோது, 10-க்கு 8 பேருக்கு மேல் பயின்ற நாட்டிலேயே இருந்தார்கள்.

இரவு என்ற அளவுகோலில் இதற்கு ஈடு இல்லை. நீங்கள் சொல்லித் தந்தவர்தான் அந்த இரவில் தலைமாட்டில் இருப்பார்.

இதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. ஒரு மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் இரண்டு மயக்க மருந்துப் பணியாளர்களையும் மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்துப் போனால் மூன்று நாள் தியேட்டர் பூட்டிக் கிடக்கும். அவர்கள் இடத்தில் வேலை பார்க்க ஆள் கொடுத்துவிட்டுத்தான் வகுப்பு நடத்த வேண்டும். மாதம் ஒரு தன்னார்வலர் வந்தால், ஆளுக்கொரு விதமாகச் சொல்லித்தந்து மாணவர்களைக் குழப்புவார்கள். ஏழு பேர் வரிசையாக வந்து அதே ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மரத்துப்போக வைப்பது) பாடத்தை ஏழு விதமாக எடுத்தார்கள் என்று ஒரு பயிற்சி மாணவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். யார் எதை நடத்துவது என்ற பாடத்திட்டம் உள்ளூர்ப் பேராசிரியர் கையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கான விலையும் சின்னதல்ல. ஐந்து வருடத்துக்காவது ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வருடம் ஒன்றும் நடக்காதது போலவே தெரியும். போகாத மாதங்களிலும் வாட்ஸ்அப்பில் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். வருடத்துக்கு இரண்டு வாரம்தான் முடியும் என்றாலும் பரவாயில்லை, அந்த இரண்டு வாரத்தை ஒவ்வொரு வருடமும் அதே ஊருக்குக் கொடுங்கள்.

## வழி 3: பணம்

விமானம், விடுதி, விசா, தடுப்பூசி என ஐந்து பேர் குழுவின் செலவைக் கூட்டி, அந்தத் தொகையில் ஒரு பயிற்சி மருத்துவரின் படிப்புக்கு என்ன செய்யலாம் என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். போட்ட பிறகும் போவது சரி என்று தோன்றினால் போங்கள்.

1999-இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின், வெளியிலிருந்து ஆட்களை அனுப்பாமல் உள்ளூர் சர்ஜன்களுக்குப் பயிற்சியும் பணமும் கொடுத்தே பிளவு உதட்டுச் சிகிச்சையை நடத்துகிறது. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க சர்ஜன்கள் கல்லூரி, அதே பகுதியின் மயக்கவியல் கல்லூரி, உலக மயக்கவியல் கூட்டமைப்பின் உதவித்தொகைப் பயிற்சிகள் என்று பணம் நேராக ஆள் உருவாக்கத்துக்குப் போகும் வாசல்கள் இருக்கின்றன.

குறை என்று பார்த்தால், கொடுத்தவருக்குத் தொடர்பு அறுந்துவிடும். பலன் தெரிய வருடங்கள் ஆகும். இன்ன ஆபரேஷனுக்கு மட்டும்தான் என்று கட்டளை போட்டுக் கொடுக்கிற பணம் சில சமயம் கெடுதலும் செய்யும். பிளவு உதட்டுக்குக் காசு இருக்கும், பக்கத்து வார்டில் முறிந்த தொடை எலும்புக்கு இருக்காது. கட்டளை இல்லாமல் கொடுங்கள். குடும்பப் பொறுப்பால் நகர முடியாதவர்கள் இதை இரண்டாந்தர வழி என்று நினைக்க வேண்டாம். பல நேரம் முதல் தரம் இதுதான்.

## வழி 4: கருவி அனுப்புவது

ஒரு மருத்துவமனை நடைபாதையில் புத்தம்புதிய மயக்க மருந்து மெஷின் ஒன்றைப் பார்த்தேன். மேலே பூப்போட்ட துணி, துணியின் மேல் பழைய நோயாளிக் கோப்புகள். தினமும் தூசி தட்டுகிறார்கள். ஏன் ஓடவில்லை? அந்த மெஷினுக்கு அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் வேண்டும். அங்கே இருந்ததோ காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டர், அதன் அழுத்தம் போதாது. அனுப்பியவர்கள் ஒரு வரி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வசதி குறைந்த 16 நாடுகளில் 1,12,000-க்கும் மேற்பட்ட கருவிகளைக் கணக்கெடுத்து 2011-இல் வெளியான ஆய்வில் 38 சதவீதம் ஓடாமல் கிடந்தன. காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை: பழுது பார்க்க ஆள் இல்லை, உதிரிப் பாகம் இல்லை, மின்சாரம் ஏறி இறங்குகிறது, கையேடு வேறு மொழியில். ஆக்சிஜன் சென்சார் காலாவதியாகும், நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் தீரும், மானிட்டரின் பேட்டரி செத்துப்போகும். இவற்றையெல்லாம் ஐந்து வருடத்துக்கு யார் வாங்குவார்கள்? ஓடாத மெஷினை அப்புறப்படுத்தும் செலவும் அவர்கள் தலையில்தான்.

சரியாகச் செய்தால் இந்த வழியும் உயிர் காக்கும். உலகில் 77,000-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லை என்று 2010-இல் மதிப்பிட்டார்கள். அடுத்த வருடம் தொடங்கிய லைஃப்பாக்ஸ் அமைப்பு, அடிபட்டாலும் தாங்குகிற, பேட்டரியில் ஓடுகிற ஆக்சிமீட்டரைப் பயிற்சியோடு சேர்த்தே கொடுத்தது. அந்த இரவில் நர்ஸின் காதுக்கு எட்டியதும் இப்படி ஒரு கருவியின் சத்தம்தான். மெஷின் தர விரும்பினால், மின்வெட்டிலும் ஓடக்கூடிய, கான்சன்ட்ரேட்டரோடு வேலை செய்யும் வகையைப் பாருங்கள். அதைவிட நல்லது, மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு பயோமெடிக்கல் டெக்னீஷியனின் பயிற்சிக்குப் பணம் கொடுப்பது. அவர் நடைபாதையில் நிற்கும் பத்து மெஷின்களை ஓட வைப்பார். உங்கள் மருத்துவமனை கழித்துக்கட்டிய பொருளை மட்டும் அனுப்பவே வேண்டாம்.

## வழி 5: தொலைவிலிருந்து கற்பித்தல், ஆய்வு

தொலைவகுப்பு மலிவு, எளிது, ஏற்கெனவே உள்ள உறவுக்கு நல்ல துணை. தனியாக நின்றால் பலம் குறைவு. ஸ்பைனல் ஊசியைத் திரையில் பார்த்துக் கை பழகாது. உலக மயக்கவியல் கூட்டமைப்பின் இலவசப் பாடங்கள் இருக்கும்போது புதிதாகப் பாடம் தயாரிப்பதைவிட, அவற்றை வைத்து அங்குள்ளவர்களின் சொந்த நோயாளிகளைப் பற்றிப் பேசுவது பயன் தரும்.

ஆய்வில் கவனம் வேண்டும். அவர்கள் இரவெல்லாம் தரவு சேகரிப்பார்கள், கட்டுரையில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் வெளியாருடையதாக இருக்கும். இது திருட்டுக்குப் பக்கத்தில் வரும் விஷயம். கேள்வியை யார் கேட்டார்கள், பெயர் வரிசை என்ன, தரவு யாரிடம் இருக்கும் என்று தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நாட்டில் உங்களைத் தொட விடாத ஊசியையும் கத்தியையும் வேறொரு நாட்டு ஏழையின் உடம்பில் பழகாதீர்கள். உங்களுக்கு ஏற்ற வழி ஆய்வும், மாணவர் அமைப்புகளும், மொழிபெயர்ப்பு, தரவு நிர்வாகம் போன்ற வேலைகளும்.

## ஒரே பார்வையில்

| வழி | கிளம்பிய பிறகான இரவு | ஒரு வருடத்தில் மிஞ்சுவது | மறைந்த செலவு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|---|
| முகாம் | பலவீனம், ஆள் தங்கினால் ஒழிய | குணமான நோயாளிகள் | நிறுத்தப்பட்ட உள்ளூர்ப் பட்டியல், பணியாளர் சுமை | அனுபவமுள்ள நிபுணர், அழைப்பின் பேரில் |
| கற்பித்தல் உறவு | மிக வலுவானது | கைத்திறனும் ஆசிரியர்களும் | பல வருடம், பயிற்சியால் மூடும் தியேட்டர் | அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடிந்தவர் |
| பணம் | வலுவானது, தாமதமாக | பயிற்சி பெற்ற ஆட்கள் | கட்டளையோடு தந்தால் சாய்வு | பயணம் முடியாத எவரும் |
| கருவி | சரியானதென்றால் உதவும் | பராமரிப்பு இருந்தால் மட்டும் | உதிரிப் பாகம், அப்புறப்படுத்தல் | மருத்துவமனை பெயர் சொல்லிக் கேட்டபோது |
| தொலைவகுப்பு, ஆய்வு | மறைமுகம் | கூட்டு அறிவு, நியாயமாக நடந்தால் | உள்ளூர் ஆட்களின் ஊதியமில்லா நேரம் | மாணவர், ஏற்கெனவே உறவு உள்ளவர் |

பயிற்சி மருத்துவராக இருந்தால் மூத்தவர் ஒருவரின் நீண்டகால உறவோடு இணைந்துகொள்ளுங்கள், தனியாக ஒன்றைத் தொடங்க வேண்டாம். பத்து வருட அனுபவம் உள்ள மயக்க மருந்து நிபுணர் என்றால் நேராக இரண்டாவது வழி. தியேட்டர் நர்ஸ்களுக்கும் பயோமெடிக்கல் ஆட்களுக்கும் அழைப்பு குறைவாக வருகிறது, அதிகம் தேவைப்படுவதோ அவர்கள்தான். குழுவில் சர்ஜன் மூன்று பேர், மயக்க மருந்துக்கு ஒருவர் என்று பட்டியல் வந்தால் அந்தக் குழுவில் சேராதீர்கள்.

எந்த அமைப்போடு சேர்ந்தாலும், ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த மருத்துவமனையின் மயக்க மருந்துப் பொறுப்பாளருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். அமைப்பின் அலுவலகத்துக்கு எழுதினால் போதாது. நாங்கள் வருவது உங்களுக்குத் தேவையா, எந்த வாரம் வந்தால் உங்கள் வேலை கெடாது, இரவுப் பணியில் எத்தனை பேர், ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது, ரத்தம் கிடைக்குமா, எந்த ஆபரேஷன் வேண்டாம் என்று கேளுங்கள். பதில் வர மூன்று வாரம் ஆகலாம். அங்கே அவர் ஒருவராகவே தியேட்டரை ஓட்டிக்கொண்டிருப்பார். காத்திருங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.